லோ விங் விமானத்துக்குப் பெட்ரோல் லைன்: நம்ம ஊர் வெயிலை வைத்துத்தான் வரைய வேண்டும்

தம்பி, உங்கள் கேள்வி நீளமானது. மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கானாடுகாத்தானில் ஐயா காலத்து வீட்டின் இரண்டாம் கட்டில் இரண்டு பேர் உட்காரும் அலுமினிய விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இறக்கை கீழே, என்ஜின் ரோட்டாக்ஸ் 912 யூ.எல்.எஸ்., இறக்கைக்கு ஒன்றாக இரண்டு டேங்க். டேங்க் வேலை முடிந்தது, ஃபயர்வால் (என்ஜினையும் காக்பிட்டையும் பிரிக்கிற தீத்தடுப்புத் தகடு) ஏறிவிட்டது, இனிக் குழாய் வேலைதான். நீங்கள் கேட்டது நாலு: செக்காலை ரோட்டில் கிடைக்கிற செப்புக் குழாயும் பித்தளை ஃபிட்டிங்கும் போதுமா, பம்ப் எங்கே, எந்த டேங்கிலிருந்து பெட்ரோல் எடுப்பது என்று மாற்றுகிற செலக்டர் வால்வு எங்கே, இரண்டு டேங்கையும் ஒரே சமயத்தில் திறந்துவிடலாமா.

நாலுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் பம்பிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அது முடிவானால்தான் மற்றவை முடிவாகும். நான் விமானப் பராமரிப்பு என்ஜினியராக வேலை பார்த்து ஓய்வு பெற்று இப்போது தேவகோட்டையில் இருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. டேங்கில் பெட்ரோல் இருந்தும் என்ஜின் நிற்பது என்பது முழுக்க முழுக்கத் தவிர்க்கக்கூடிய விஷயம். தவிர்க்க வேண்டிய நேரம், நீங்கள் இப்போது இருக்கிற நேரம்: ஒரு ஃபிட்டிங் கூட வாங்காத நேரம்.

பெட்ரோலின் ஆவி அழுத்தத்தை ஆய்வகத்தில் 37.8 டிகிரி செல்சியஸில் வைத்து அளக்கிறார்கள். 100 டிகிரி ஃபாரன்ஹீட். குளிர் நாட்டுக்காரருக்கு அது வெறும் ஆய்வக எண். காரைக்குடிக்காரருக்கு அது சித்திரை மாதத்து மதிய நிழல். அந்தச் சூட்டில், விமானங்களுக்கென்றே வருகிற பெட்ரோலான ஏவ்கேஸ் 100எல்.எல்.லின் ஆவி அழுத்தம் 38 முதல் 49 கிலோபாஸ்கலுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. பங்க்கில் பிடிக்கிற பெட்ரோலுக்கு அதைவிட அதிகம். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல், 5,000 அடிக்குப் போனால் சுமார் 84. இந்தப் பக்கம் காற்றழுத்தம், அந்தப் பக்கம் ஆவி அழுத்தம், நடுவில் மிச்சம் இருப்பதுதான் நமக்குக் கிடைக்கிற இடைவெளி. அலுமினிய இறக்கை வெயிலில் நின்றால் உள்ளே இருக்கிற பெட்ரோல் நிழல் சூட்டோடு நிற்காது, மேலே போகும். இடைவெளி இன்னும் சுருங்கும்.

இப்போது பம்ப். பம்ப் ஒரு பக்கம் உறிஞ்சுகிறது, மறுபக்கம் தள்ளுகிறது. உறிஞ்சுகிற பக்கத்தில் குழாய்க்குள் அழுத்தம் குறைகிறது. ஏற்கெனவே கொதிக்கத் தயாராக இருக்கிற பெட்ரோல் அங்கேதான் குமிழ் விடும். டயாஃப்ரம் பம்ப்புக்குள் குமிழ் நுழைந்தால், பம்ப் அதைச் சுருக்கும், விடும், சுருக்கும், விடும். அந்தப் பக்கம் ஒன்றும் போகாது. வேப்பர் லாக் என்பது இதுதான். தள்ளுகிற பக்கத்தில் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் கிடையாது, அழுத்தம் கூடுவதால் பெட்ரோல் திரவமாகவே இருக்கும்.

உங்கள் பிளானில் எலெக்ட்ரிக் பம்ப் ஃபயர்வாலில் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதாவது இறக்கையின் அடியிலிருந்து செலக்டர், ஃபில்டர், முழங்கை எல்லாம் தாண்டி ஃபயர்வால் வரைக்கும் வருகிற மொத்தக் குழாயும் உறிஞ்சுகிற பக்கம். உயரம் மட்டும் பார்த்தால் பெரிய நஷ்டம் இல்லை. 60 சென்டிமீட்டர் ஏற்றத்துக்கு சுமார் 4 கிலோபாஸ்கல்தான் போகும். ஆனால் பாதி அடைத்த ஃபில்டர், 90 டிகிரி முழங்கையின் உள் மூலை, வால்வின் குறுகிய வழி, இந்த இடங்களில் அழுத்தம் இன்னும் விழும். குமிழ் பிறக்கிற இடங்கள் அவைதான். போதாக்குறைக்கு ரோட்டாக்ஸின் சொந்த மெக்கானிக்கல் பம்ப் கியர்பாக்ஸோடு ஒட்டி இருக்கிறது. என்ஜினின் சூடு அப்படியே அதில் ஏறும். ஏவ்கேஸை வைத்துக் குளிர் பிரதேசத்தில் பறப்பவருக்கு இந்த அமைப்பு போதும். நமக்குப் போதாது.

அதனால் என் பதில்: இரண்டு எலெக்ட்ரிக் பம்ப் போடுங்கள். இறக்கை உடம்போடு சேருகிற இடத்தில், டேங்கின் வெளிவாய்க்குப் பக்கத்திலேயே, டேங்குக்கு ஒன்று. உறிஞ்சுகிற குழாய் ஒரு சாணுக்கு மேல் இருக்க வேண்டாம். அதற்கப்புறம் செலக்டர், ஃபயர்வால், என்ஜின் வரை எல்லாமே தள்ளுகிற பக்கம். ஒரு பம்ப் கூடுதல் எடை, கூடுதல் ஒயர், கூடுதல் ஸ்விட்ச், சரிதான். நம்ம ஊர் வெயிலுக்கு அந்த எடையைச் சந்தோஷமாகச் சுமக்கலாம்.

பம்ப் வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். முதலாவது, கரண்ட் போனாலும் பெட்ரோலைத் தன் வழியே விடுகிற பம்ப்பாக இருக்க வேண்டும். பழுதானால் அடைத்துக்கொள்கிற வகை என்றால் அதற்கு இணையாக ஒரு பைபாஸும் செக் வால்வும் போட வேண்டிவரும். அதைத் தவிர்ப்பது நல்லது. இரண்டாவது, அழுத்தம். 912-இன் கார்புரேட்டருக்குக் குறைந்தது 0.15 பார், அதிகபட்சம் 0.4 பார் வேண்டும். எலெக்ட்ரிக் பம்ப்பும் என்ஜின் பம்ப்பும் தொடராக இருப்பதால் அழுத்தம் கூடிக்கொள்ளும். அதனால் துணைப் பம்ப் 0.3 பாருக்கு மேல் தரக்கூடாது. தந்தால் மிதவை வால்வு மூடாமல் கார்புரேட்டர் வழியும். காருக்கு விற்கிற இன்ஜெக்ஷன் பம்ப்பை யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்கிவிடாதீர்கள், அதன் அழுத்தம் எங்கேயோ இருக்கும்.

இன்னொன்று, ரிட்டர்ன் லைன். ரோட்டாக்ஸ் இதைக் கேட்கிறது, நாமும் விடக்கூடாது. என்ஜின் பம்ப்புக்கு அப்புறம் ஒரு கிளை பிரிந்து, 0.35 மில்லிமீட்டர் துளை வழியாகக் கொஞ்சம் பெட்ரோல் டேங்குக்கே திரும்பும். கணக்குப் போட்டால் மணிக்கு சுமார் 2 லிட்டர் அளவுதான். ஆனால் அந்தச் சின்ன ஓட்டம் இருப்பதால்தான் குமிழ்கள் என்ஜின் பக்கம் தங்காமல் டேங்குக்குப் போய்ச் சேருகின்றன. சூடான என்ஜினை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது இதன் அருமை தெரியும். சரி, எந்த டேங்குக்குத் திருப்புவது? எடுத்த டேங்குக்கே திருப்புகிற இரட்டை செலக்டர் கிடைக்கிறது, விலை கூடுதல். இல்லாவிட்டால் இடது டேங்குக்கு மட்டும் திருப்பிவிட்டு, பறக்கும்போது எப்போதும் இடது டேங்கில் ஆரம்பிப்பது என்று வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நிரம்பிய இடது டேங்க் சும்மா இருக்க, வலது டேங்கில் ஓட்டினால், திரும்பி வருகிற பெட்ரோல் வென்ட் (டேங்குக்குக் காற்று போகிற குழாய்) வழியாக வெளியே போய்விடும். இந்த வழக்கத்தை டேஷ்போர்டில் எழுதி ஒட்டுங்கள், உங்களுக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதாது.

இந்த இடத்தில் எந்தப் பெட்ரோல் என்பதையும் முடிவு செய்துவிட வேண்டும். பங்க்கில் இன்று வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. ரோட்டாக்ஸ் 912-க்கு அனுமதித்திருப்பது 10 சதவீதம் வரைதான். இதில் சமாதானம் கிடையாது. எத்தனால் ரப்பரை ஊதவைக்கும், சில டேங்க் சீலன்ட்டை இளக்கும், காற்றிலிருந்து தண்ணீரை இழுத்து வைத்துக்கொண்டு ஒரு நாள் அடியில் பிரித்து விடும். கையில் இருக்கிற பெட்ரோலில் எவ்வளவு எத்தனால் என்று பார்ப்பது எளிது. அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீர், 100 மில்லி பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். அடியில் நிற்கிற தண்ணீர் அடுக்கு 10-லேயே நின்றால் எத்தனால் இல்லை. 30-ஐ நெருங்கினால் 20 சதவீதம். ஏவ்கேஸ் 100எல்.எல்.லை 2022-லிருந்து இந்தியன் ஆயில் நம் நாட்டிலேயே தயாரிக்கிறது, அதை ஏற்பாடு செய்துகொள்வதுதான் உங்களுக்கு நல்ல வழி. ஆவி அழுத்தத்துக்கும் அதுவே நல்லது. ஆனால் அதில் ஈயம் இருப்பதால் பெரும்பாலும் அதிலேயே ஓட்டினால் 25 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். எப்படியானாலும், ஹோஸும் ஓ-ரிங்கும் எத்தனாலைத் தாங்குகிற ரகமாகவே வாங்குங்கள். என்றைக்காவது யாராவது அவசரத்துக்குப் பங்க் பெட்ரோல் ஊற்றுவார்கள்.

இப்போது செப்பும் பித்தளையும். வேண்டாம் தம்பி. மூன்று காரணம்.

செப்புக் குழாய் அதிர்வில் இறுகி, நாளாக ஆக நொறுங்கும் தன்மைக்கு வந்து, ஃபிளேர் செய்த, அதாவது இணைப்புக்காக வாயைக் கூம்பாக விரித்த, கழுத்தில் விரிசல் விடும். ஃப்ரிட்ஜில் அதிர்வு குறைவு, அதனால் அங்கே நிலைக்கிறது. விமானத்தில் ஃபயர்வாலே நடுங்கும்.

அடுத்தது கோணம். ஏ.சி. மெக்கானிக் வைத்திருக்கிற ஃபிளேரிங் டூல் 45 டிகிரி. கடையில் கிடைக்கிற பித்தளை ஃபிட்டிங்கும் 45 டிகிரி. விமான ஃபிட்டிங் 37 டிகிரி. இரண்டையும் கலந்து முடுக்கினால் முடுகும், சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் குமிழ்கூட வராது. ஆனால் உள்ளே இரண்டு கூம்பும் முழுசாக உட்காராமல் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். சில மணி நேரம் பறந்த பிறகு ஒழுகும். 37 டிகிரி டூலைத் தனியாக வாங்கி, அதை யாருக்கும் இரவல் கொடுக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது காரணத்தை உங்கள் ஊரிலேயே கேட்கலாம். காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) அரிமானத்தைப் படிப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள், மண்டபத்தில் கடலோரச் சோதனைக் களமே நடத்துகிறார்கள். அலுமினியத்தோடு பித்தளை சேர்ந்து நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தால் அது ஒரு பேட்டரி, கரைவது அலுமினியம். பெட்ரோல் டேங்கில் தண்ணீர் எங்கே நிற்கும்? அடியில், டிரெய்ன் வாய்க்குப் பக்கத்தில். நீங்கள் பித்தளையைத் திருகப்போகிற இடமும் அதுவே. (அந்த நிறுவனம் காரைக்குடிக்கு வரக் காரணமான அழகப்பச் செட்டியார், லண்டன் கிராய்டனில் விமானம் ஓட்டக் கற்றுச் சான்றிதழ் வாங்கியவர், ஜூபிடர் ஏர்வேஸ் என்று விமானக் கம்பெனியும் நடத்தியவர். அந்த மண்ணில் ஒரு பையன் விமானம் கட்டுகிறான் என்பதே எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா.)

வாங்க வேண்டியது 5052-ஓ அலுமினியக் குழாய், சுவர் கனம் 0.035 அங்குலம். முக்கிய லைனுக்கு 3/8 அங்குலம், ரிட்டர்னுக்கு 1/4 அங்குலம். ஏ.என். என்கிற விமான ரக ஃபிட்டிங்கில் எண் என்பது அங்குலத்தில் பதினாறில் எத்தனை பங்கு என்பது. 3/8-க்கு 6, 1/4-க்கு 4. நீல நிறம் என்றால் அலுமினியம், கறுப்பு என்றால் இரும்பு. 3/8 குழாய் உங்கள் என்ஜினுக்குத் தேவைக்கு மேல்தான். ஆனால் உள்வாய் பெரிதாக இருந்தால் ஓட்டம் நிதானமாகும், அழுத்த நஷ்டம் குறையும், குமிழுக்குக் காரணம் குறையும்.

ஃபிளேர் செய்வதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், முழு அமைப்பும் இதில்தான் நிற்கிறது. குழாயை ஹாக்ஸா பிளேடால் அறுக்காதீர்கள், டியூப் கட்டரால் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிச் சுற்றி வெட்டுங்கள். வெட்டிய வாயின் உள் விளிம்பில் ஒரு பிசிறு எழும்பியிருக்கும், அதைச் சுரண்டி எடுங்கள். வெளி விளிம்பையும் நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, வாயைத் துடைத்து, சுத்தமான காற்றால் ஊதுங்கள். முதலில் நட், அப்புறம் ஸ்லீவ், இரண்டையும் குழாயில் கோத்துக்கொண்டு, பிறகுதான் ஃபிளேர். கூம்பில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் பூதக்கண்ணாடி வைத்து ஃபிளேரின் உள்முகத்தைச் சுற்றிப் பாருங்கள்: முடி கனத்தில் ஒரு கோடு தெரிந்தாலும் வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி. ஃபிளேரின் வெளி விட்டம் ஸ்லீவின் உள்வாயை முழுக்க மூட வேண்டும், ஸ்லீவின் வெளி விளிம்பைத் தாண்டக் கூடாது. முடுக்குவதற்கு டார்க் ரெஞ்ச்: 5052-ஓ குழாயில் 3/8-க்கு 75 முதல் 125 அங்குல-பவுண்ட், 1/4-க்கு 40 முதல் 65. ஒழுகினால் இன்னும் முடுக்கலாம் என்று கை போகும், போகவிடாதீர்கள். கழற்றிப் பார்த்தால் காரணம் தெரியும், முடுக்கினால் காரணம் நசுங்கி மறைந்துவிடும்.

ஃபிளேரில் எந்தப் பசையும் தடவக் கூடாது. குழாய் நூல் போட்ட இடத்தில் மட்டும், அதுவும் முதல் இரண்டு புரியை விட்டுவிட்டு, பெட்ரோலைத் தாங்கும் திரவ சீலன்ட். பிளம்பர் சுற்றுகிற வெள்ளை டெஃப்லான் டேப் எங்கேயும் வேண்டாம், நூல் நூலாகப் பிரிந்து கார்புரேட்டர் ஜெட்டில் போய் நிற்கும்.

குழாயை வளைக்கும் முன் வெல்டிங் ராடையோ கனமான அலுமினியக் கம்பியையோ விமானத்துக்குள்ளேயே வைத்து வளைத்து மாதிரி எடுங்கள். வளைவு பெண்டரில்தான், கையால் இல்லை. 3/8 குழாய்க்கு வளைவு ஆரம் 15/16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. முழங்கை ஃபிட்டிங்கைவிட வளைத்த குழாய் எப்போதும் மேல்: இணைப்பும் குறைவு, ஓட்டமும் சீர். இரண்டு நிலையான இடங்களுக்கு நடுவில் குழாயை நேர்கோடாக இழுக்காதீர்கள். சூட்டில் நீளும், அதிர்வில் இழுபடும், அதற்கு இடம் கொடுக்க ஒரு வளைவாவது வேண்டும். ரப்பர் வைத்த ஆடெல் கிளாம்ப் 3/8 குழாய்க்கு அதிகபட்சம் பதினாறரை அங்குலத்துக்கு ஒன்று. ஒயர்கள் எப்போதும் பெட்ரோல் குழாய்க்கு மேலே போக வேண்டும், கீழே போகக் கூடாது. ஒழுகினால் எங்கே சொட்டும் என்று யோசித்தால் காரணம் தெரியும்.

ஏற்ற இறக்கம்தான் இதில் நுட்பமான பகுதி. உங்கள் வீட்டு முற்றத்தைப் பாருங்கள். நாலு பக்கத்துக் கூரைத் தண்ணீரும் எங்கேயும் தேங்காமல் முற்றத்தில் இறங்கி, ஒரே மூலையில் வெளியேறும்படி அந்தக் காலத்துக் கொத்தனார் வாட்டம் விட்டிருப்பார். பெட்ரோல் லைனுக்கும் அதே வாட்டம் வேண்டும். ஒரு தாழ்ந்த புள்ளி, அங்கே கேஸ்கோலேட்டர் (தண்ணீரையும் தூசியையும் பிடித்து வைக்கிற கிண்ணம்), அதற்கு டிரெய்ன். அதிலிருந்து என்ஜின் வரை தொடர்ந்து ஏற்றம், நடுவில் மேடு பள்ளம் இல்லாமல். மேடு இருந்தால் குமிழ் தங்கும், பள்ளம் இருந்தால் தண்ணீர் தங்கும். இதை விமானம் தரையில் நிற்கிற நிலையிலும் பாருங்கள், மூக்கைத் தூக்கி ஏறுகிற நிலையிலும் பாருங்கள், இரண்டிலும் வாட்டம் சரியாக இருக்க வேண்டும். டேங்கின் வாயில் கம்பிவலை ஸ்ட்ரெய்னர், பம்ப்புக்கு முன் 0.1 மில்லிமீட்டர் ஃபில்டர். ஃபில்டரைக் கழற்றி எடுக்கக் கை போகிற இடத்தில் வையுங்கள். போகாத இடத்தில் இருந்தால் நீங்கள் கழற்ற மாட்டீர்கள்.

செலக்டர் வால்வு. இதற்கு ஒரு சம்பவம் சொல்லியே ஆக வேண்டும். 1997 அக்டோபர் 12-ஆம் தேதி கலிபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் பாடகர் ஜான் டென்வர் ஓட்டிய லாங்-ஈஸி விழுந்து அவர் இறந்துபோனார். அது வேறொருவர் வீட்டில் கட்டிய விமானம். மூலப் பிளானில் செலக்டர் விமானியின் கால்களுக்கு நடுவே இருந்தது. கட்டியவர், காக்பிட்டுக்குள் பெட்ரோல் குழாய் வரக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில், அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார். டேங்க் மாற்ற வேண்டுமானால் உடம்பைத் திருப்ப வேண்டும். திருப்பும்போது கால் ரடர் பெடலை அழுத்திவிடும். கைப்பிடியில் எது இடது, எது வலது, எது ஆஃப் என்ற குறியும் இல்லை. அளவு காட்டும் கண்ணாடியிலும் குறி இல்லை. விசாரித்த அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பான என்.டி.எஸ்.பி. சொன்ன காரணங்களில் அந்த இடமும் அந்தக் குறியில்லாத கைப்பிடியும் இருக்கின்றன.

உங்கள் விமானத்தில் செலக்டர் இரண்டு சீட்டுக்கும் நடுவில், முழங்கால் அருகில், இரண்டு பேர் கையும் எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். கைப்பிடி இடது பக்கம் திரும்பினால் இடது டேங்க், வலது பக்கம் என்றால் வலது. ஆஃபுக்குப் போக ஒரு பொத்தானைத் தூக்கியோ அழுத்தியோதான் போக முடிய வேண்டும், தானாகத் தாண்டிப் போகக் கூடாது. இரண்டு பம்ப் ஸ்விட்சையும் அதன் பக்கத்திலேயே, இடது இடதாக, வலது வலதாக வையுங்கள். பிளைவுட்டில் ஒரு டம்மி வால்வு செய்து பொருத்தி, சீட்டில் உட்கார்ந்து, தோள் பெல்ட்டை இறுக்கி, கண்ணை மூடிக்கொண்டு மாற்றிப் பாருங்கள். முதுகு சீட்டை விட்டு எழுந்தால் இடம் தப்பு. வால்வைத் தாங்குகிற தகடு கனமாக இருக்கட்டும், குழாய்கள் வால்வைத் தாங்கக் கூடாது.

இரண்டு டேங்கையும் சேர்த்துத் திறக்கலாமா என்ற கேள்விக்கு, இறக்கை மேலே இருக்கிற செஸ்னாவில் திறக்கலாம், அங்கே புவியீர்ப்பில் இரண்டு டேங்கும் தானாக இறங்குகின்றன. உங்களுடையதில் கூடாது. ஒரு டேங்க் காலியானால் பம்ப்புக்குப் பெட்ரோலைத் தூக்குவதைவிடக் காற்றை இழுப்பது சுலபம். அந்தப் பக்கம் பாதி டேங்க் நிறைந்திருக்கும், என்ஜின் நின்றிருக்கும்.

வென்ட் குழாய் ஒவ்வொரு டேங்குக்கும் தனியாக, வாய் காற்றை எதிர்கொண்டு. நம்ம ஊரில் இதற்கு ஒரு எதிரி உண்டு, மண் குளவி. சின்ன ஓட்டை எங்கே கண்டாலும் ஈர மண்ணை உருட்டிக்கொண்டு வந்து அடைத்துவிட்டுப் போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் குழாய் திறந்திருக்கும், இரண்டு அங்குலம் உள்ளே கல் மாதிரி மண். வென்ட் அடைத்தால் டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் தோற்கும், டேங்க் தகடே உள்வாங்கும். வாயில் வலை வையுங்கள், அதோடு வாய்க்குச் சற்றுப் பின்னால் அடிப்பக்கம் ஒரு சின்ன மாற்றுத் துளையும் போடுங்கள். நிறுத்தி வைக்கும்போது சிவப்பு நாடா கட்டிய மூடி போட்டு வையுங்கள்.

ஃபயர்வாலுக்கு முன்னால் விதி மாறுகிறது. அங்கே தீப்பிடித்தால் அலுமினியம் உருகும், அதனால் ஃபயர்வாலைத் துளைத்துப் போகிற ஃபிட்டிங் இரும்பு. என்ஜின் ரப்பர் மவுண்டில் ஆடுவதால் அங்கிருந்து வளையும் ஹோஸ், அதன் மேல் ஃபயர் ஸ்லீவ். அது தீயை மட்டும் இல்லை, வெயிலோடு சேர்ந்த எக்ஸாஸ்ட் சூட்டையும் கொஞ்சம் தடுக்கும். கேஸ்கோலேட்டர் அந்தப் பக்கம் வந்தால் அதற்கு ஒரு காற்றுக் குழாய் விடுங்கள். எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில், அதற்கு மேலே, எந்த இணைப்பும் வேண்டாம்.

எல்லாம் பொருத்தியாச்சு என்று வைத்துக்கொள்வோம், சோதனை. 2012-ல் என்.டி.எஸ்.பி. வீட்டில் கட்டிய விமானங்களைப் பற்றி ஆராய்ந்து, முதல் பறப்புக்கு முன் எரிபொருள் அமைப்பைச் சோதித்துப் பதிவு செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. நம் நாட்டு விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் ஆய்வாளரிடம் காட்டவும் அந்தப் பதிவு உங்களுக்கு வேண்டும். வீட்டுக் கட்டுக்குள் வேண்டாம், திறந்த வெளியில், தீயணைப்பான் பக்கத்தில், விமானத்துக்கும் கேனுக்கும் எர்த் ஒயர் கட்டிக்கொண்டு செய்யுங்கள்.

912 யூ.எல்.எஸ். டேக்-ஆஃபில் மணிக்கு சுமார் 27 லிட்டர் குடிக்கும். பம்ப் வைத்த அமைப்புக்கு அதில் 125 சதவீதம் ஓட வேண்டும், அதாவது சுமார் 34 லிட்டர். ஐந்து நிமிடத்துக்கு 2.8 லிட்டர். முன் சக்கரத்தைச் சாய்தளத்தில் ஏற்றி, ஏறும் கோணத்துக்கு மேல் கொஞ்சம் கூடுதலாக மூக்கைத் தூக்குங்கள். டேங்கில் குறைந்தபட்சப் பெட்ரோல் மட்டும் வைத்து, கார்புரேட்டருக்குப் போகிற ஹோஸைக் கழற்றி அளவு ஜாடியில் விட்டு, கடிகாரத்தை வைத்து அளங்கள். இடது டேங்க், வலது டேங்க் தனித்தனியாக. ஓட்டம் அறுபடும்போது டேங்கில் எவ்வளவு மிச்சம் என்று அளந்தால் அதுதான் பயன்படாத பெட்ரோல், அதைக் கேஜில் பூஜ்யமாகக் குறியுங்கள். இந்த ஜாடிப் பெட்ரோலை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள், அலுமினியச் சுருள், சீலன்ட் துணுக்கு எல்லாம் முதல் சில லிட்டரில்தான் வரும். ஃபில்டரைக் கழற்றிக் கழுவி, மறுபடி ஓடவிடுங்கள்.

கடைசிச் சோதனையைக் கத்திரி வெயிலில் செய்யுங்கள், மழைக்காலத்தில் செய்தால் ஒன்றும் தெரியாது. விமானத்தைக் காலையிலிருந்து வெயிலில் நிறுத்திவிட்டு, இரண்டு மணிக்கு மேல் என்ஜினைச் சூடாகும்வரை ஓட்டுங்கள். நிறுத்தி, கவ்லிங்கை (என்ஜினைச் சுற்றி இருக்கிற மூடியை) மூடியே வைத்து, கால் மணி நேரம் விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்து, சக்கரங்களுக்குக் கட்டை போட்டு முழுத் திராட்டிலுக்குக் கொண்டுபோங்கள். கண் பெட்ரோல் பிரஷர் கேஜை விட்டு நகரக் கூடாது. முதலில் எலெக்ட்ரிக் பம்ப் போட்டு, அப்புறம் அணைத்து. அணைத்ததும் முள் நடுங்கினாலோ 0.15-ஐ நோக்கி இறங்கினாலோ, குமிழ் எங்கேயோ பிறக்கிறது. அப்போது குழாயை ஒவ்வோர் அங்குலமாகத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு எந்த இடத்தில் இருக்கிறதோ அங்கேதான் ஸ்லீவோ காற்றோ இடமாற்றமோ வேண்டும்.

லைன் வரைபடத்தைப் பக்கவாட்டுத் தோற்றத்தில், உயரங்களைச் சென்டிமீட்டரில் குறித்து வரைந்து அனுப்புங்கள். டேங்க் வாய், பம்ப், செலக்டர், கேஸ்கோலேட்டர், என்ஜின் பம்ப், இந்த ஐந்து புள்ளியின் உயரம் தரை நிலையிலும் ஏறும் நிலையிலும் இருந்தால் போதும், வாட்டம் சரியா என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை குழாயை வெட்டாதீர்கள்.